இரண்டு நிமிட நிறுத்தம்

(சாத்தூரில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



‘உறவும் நட்பும்’ என்று தலைப்பைக் கொடுத்தீர்கள். தேதியையும் நீங்களே குறித்தீர்கள். இந்தத் தேதியில்தான் என் பெரியப்பா மகனுக்கு எழுபது வயது நிறைகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அழைப்பிதழைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. தலைப்பை மாற்றச் சொல்லவில்லை. பேச எழுதி வைத்திருந்ததை ஓரமாக வைத்துவிட்டு, முன்வரிசையில் மதினியோடு வந்து அமர்ந்திருக்கும் அந்த அண்ணனைப் பற்றியே பேசுவது என்று முடிவு செய்துகொண்டு வந்திருக்கிறேன்.

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். ஆங்கிலத்தில் ‘கசின்’ என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல்? யோசித்துப் பாருங்கள். பெரியப்பா மகனும் கசின்தான், அத்தை மகனும் கசின்தான், மாமன் மகளும் சித்தி மகளும் கசின்தான். நம் வீட்டில் அப்படி ஒரே பெட்டிக்குள் போட முடியுமா? பெரியப்பா மகன் என்றால் அண்ணன். சித்தி மகள் என்றால் தங்கை. அத்தை மகன் என்றால் அத்தான், மச்சான். மாமன் மகள் என்றால் கட்டிக்கொள்கிற முறை. ஒரு சொல்லைத் தவறிச் சொன்னால் வீடே சிரிக்கும், இல்லையென்றால் வீடே கோபித்துக்கொள்ளும்.

லூயிஸ் ஹென்றி மார்கன் என்று ஓர் அமெரிக்க வழக்கறிஞர் இருந்தார். அவருடைய ஊருக்குப் பக்கத்தில் இரோக்வா என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்தார்கள். அப்பாவின் சகோதரனையும் அவர்கள் அப்பா என்றே கூப்பிடுவதைக் கண்டு அவருக்கு வியப்பு. உலகம் முழுக்கக் கேள்விப்பட்டியல் அனுப்பி உறவுச் சொற்களைத் திரட்டினார். கடல் கடந்து வந்த தமிழ்ச் சொற்களைப் பார்த்தபோது இன்னும் பெரிய வியப்பு. இங்கேயும் அதே அமைப்பு! அதையெல்லாம் 1871இல் பெரிய நூலாக வெளியிட்டார். நமக்கு அதில் என்ன வியப்பு இருக்கிறது? பெரிய அப்பா, சின்ன அப்பா என்று சொல்லிலேயே அப்பாவை வைத்திருக்கிறோமே!

ஆக, பெரியப்பா மகன் எனக்கு அண்ணன். ஏழு மாதம் மூத்தவர். இதில் பாராட்ட ஒன்றுமில்லை. அது நானும் அவரும் சம்பாதித்தது இல்லை, பிறந்ததும் கையில் கொடுக்கப்பட்டது. ஆனால் அதே உறவுக்கு நம் கரிசல் காட்டில் இன்னொரு பெயரும் இருக்கிறதே. அது என்ன? பங்காளி. பங்குக்கு உரியவன் பங்காளி. ஒரே தாத்தாவின் நிலம், ஒரே வரப்பு, ஒரே கிணறு, ஒரே குலசாமி. துக்கத்தில் ஒரே தீட்டு. எல்லாம் ஒன்றாக இருப்பதாலேயே, சண்டை வந்தால் அதற்கு மருந்து கிடையாது. அடுத்த தெருக்காரன் வீடு கட்டினால் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். பங்காளி வீடு கட்டினால் நமக்குக் காய்ச்சல் வரும். பங்காளிக் காய்ச்சல் என்று நோய்க்குப் பேரே வைத்திருக்கிறோம்.

இது இன்று நேற்று வந்த நோயா? சோழன் நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் ஒரே குடி. இருவர் தலையிலும் ஆத்தி மாலை. ஒருவன் கோட்டைக்குள் அடைபட்டிருக்க, மற்றவன் வெளியே முற்றுகை போட்டு நிற்கிறான். கோவூர்கிழார் என்ற புலவர் நடுவில் போய் நின்றார். யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று முகத்துக்கு நேரே சொன்னார். புறநானூற்றில் இருக்கிறது. கோப்பெருஞ்சோழன் கதை அதைவிடக் கொடுமை. பெற்ற பிள்ளைகளே அவன்மேல் படையெடுத்து வந்தார்கள். அவன் மனம் வெறுத்து வடக்கிருந்தபோது பக்கத்தில் வந்து அமர்ந்தவர் யார்? அதுவரை நேரில் பார்த்தே இராத பிசிராந்தையார்! பிள்ளைகள் பகையானார்கள், பாண்டி நாட்டுப் புலவர் நண்பரானார்.

வள்ளுவரும் இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கவில்லை. சுற்றந்தழால் 53ஆம் அதிகாரம். நட்பு 79ஆம் அதிகாரம். நடுவில் இருபத்தைந்து அதிகாரம் இருக்கிறது. முப்பத்தைந்து வருடம் வகுப்பில் குறள் சொல்லிக் கொடுத்தவன் நான். அந்த இருபத்தைந்து அதிகார தூரத்தை ஒரு மனிதர் எப்படி நடந்து கடந்தார் என்பதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

எங்கள் ஊர் இங்கிருந்து ஆறு மைல். மானாவாரிக் காடு. பருத்தி, கம்பு, மல்லி. ஊரில் தோட்டம் என்று சொல்லிக்கொள்ள நாலைந்து பேருக்குத்தான் உண்டு. அதில் ஒன்று எங்கள் தாத்தாவுடையது. அறுபது அடிக் கிணறு. தாத்தா இறந்ததும் 1962இல் பாகம் பிரித்தார்கள். நிலம் ஆளுக்குப் பாதி. வீடு ஆளுக்கு ஒன்று, இரண்டு வாசலுக்கும் நடுவே நாற்பது எட்டுத்தான். கிணற்றைப் பிரிக்க முடியுமா? அது பொதுவில் நின்றது. இரண்டு நாள் அவர்கள் முறை, இரண்டு நாள் எங்கள் முறை.

அப்போது கமலை இறவை. இளைஞர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வடக்கயிற்றில் கூனையைக் கட்டி, இரண்டு மாடு பூட்டி, சரிவில் இறக்கி ஓட்ட வேண்டும். மாடு இறங்க இறங்கத் தண்ணீர் மேலே வரும். வால்கயிற்றைத் தளர்த்தினால் தொட்டியில் ‘தொபீர்’ என்று கொட்டும். பிறகு மாட்டைப் பின்னுக்கு நடத்தி மேலே கொண்டுவர வேண்டும். விடியற்காலை பூட்டினால் வெயில் ஏறும் மட்டும் இறைக்கலாம், அதற்குமேல் மாடு தாங்காது. கிணறு எவ்வளவு ஊறுமோ கிட்டத்தட்ட அந்த அளவுக்குத்தான் மாட்டால் இறைக்க முடியும். அதனால் யாருக்கும் யார்மேலும் குறை இல்லை.

1967இல் ஊருக்குக் கரண்ட் வந்தது. அடுத்த வருடம் என் தகப்பனார் கடன் வாங்கி 5 எச்.பி. மோட்டார் இறக்கினார். பெரியப்பாவிடம் பணம் இல்லை, அவர் கமலையிலேயே இருந்தார். ஆறு மணி நேரம் மாடு இறைக்கிற தண்ணீரை மோட்டார் இரண்டு மணி நேரத்தில் இழுத்துவிடும். எங்கள் முறை முடிந்து அவர்கள் முறை வரும்போது கிணற்றில் சேறுதான் கிடக்கும். பெரியப்பா மாட்டைப் பூட்டிக்கொண்டு வந்து கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, பூட்டிய மாட்டை அவிழ்த்துக்கொண்டு போவார். நான் பார்த்திருக்கிறேன்.

என் தகப்பனார் நல்ல மனிதர். என்னைப் படிக்க வைத்தவர். ஆனாலும் இந்த மேடையில் சொல்கிறேன், அந்த விஷயத்தில் தப்பு எங்கள் பக்கம். என் காசு, என் மோட்டார் என்றார். கிணறு பாதி அவர்களுடையது என்பதை மறந்தார். பேச்சு வளர்ந்தது, கம்பெடுத்தார்கள், 1969இல் கோர்ட்டுக்குப் போனது. பன்னிரண்டு வருடம் வழக்கு. இரண்டு வீட்டுக்கும் நல்லது கெட்டது நின்றது. ஒருவர் வாசல்படியை ஒருவர் மிதிப்பதில்லை, ஒரு வீட்டில் ஒரு வீடு கை நனைப்பதில்லை. அண்ணனுக்கு அப்போது பதினான்கு வயது. எனக்கும் கிட்டத்தட்ட அதே வயது. இருவரும் ஒரே வகுப்பு.

பள்ளிக்கூடம் நாலு மைல். வண்டிப்பாதை. அதுவரை தோளில் கை போட்டு நடந்த பையன்கள், அதற்குப் பிறகு ஐம்பது எட்டு இடைவெளி விட்டு நடந்தோம். முன்னால் அவர், பின்னால் நான். யார் சொல்லி? வீட்டில் சொல்லி. ஊர்க்காரர் யாராவது பார்த்துச் சொல்லிவிட்டால் எனக்கு அடி விழும், அவருக்கும் விழும்.

ஒரு ஐப்பசி மாதம். அடைமழை. கரிசல் மண் நனைந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பத்து எட்டு வைத்தால் பாதத்தோடு ஒரு கிலோ மண் சேர்ந்து வரும். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறேன். வழியில் ஒரு ஓடை. காலையில் கணுக்கால் அளவு ஓடியது, சாயங்காலம் இடுப்பளவு ஓடுகிறது. கரையில் வந்து நின்றேன். அவர் ஏற்கெனவே அந்தக் கரை ஏறிவிட்டார். போயிருக்கலாம். போகவில்லை. திரும்பி நின்று, வேலியில் இருந்து ஒரு நீளக் கம்பை உருவி, முள்ளைச் சீவிவிட்டு, தண்ணீருக்குள் முழங்கால் வரை இறங்கிக் கம்பை நீட்டினார். நான் பிடித்துக்கொண்டு கடந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கரை ஏறியதும் கம்பைப் போட்டுவிட்டு முன்னால் நடந்தார். ஐம்பது எட்டு ஆனதும் நானும் நடந்தேன்.

உறவு என்று நினைத்து நீட்டிய கம்பா அது? உறவு அன்றைக்குக் கோர்ட்டில் நின்றது. வீட்டின் கட்டளையையும் மீறவில்லை, என்னையும் ஓடையில் விடவில்லை. பதினான்கு வயதில் அவருக்கு அந்தப் பக்குவம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்தோம். நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். அவர் 1977இல் ஆர்.எம்.எஸ்.ஸில் சேர்ந்தார். ரயில்வே மெயில் சர்வீஸ். மதுரையைத் தலைமையாகக் கொண்ட ‘எம்.ஏ.’ டிவிஷன். ஓடுகிற ரயிலில் ஒரு தபால் ஆபீஸ் இருந்தது என்பதே இன்றைக்குப் பல பேருக்குத் தெரியாது. பெட்டியின் ஒரு பக்கச் சுவர் முழுக்கப் புறாக்கூண்டு மாதிரி சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொரு அறைக்கும் ஓர் ஊர். பையை அவிழ்த்துக் கொட்டி, நின்றுகொண்டே ஒவ்வொரு கடிதமாக அந்தந்த அறைக்குள் போட வேண்டும். வண்டி ஆடும், கால் ஊன்றி நிற்க வேண்டும். ஸ்டேஷன் வருவதற்குள் அந்த ஊர்க் கட்டைச் சணலால் கட்டி, பையில் போட்டு, வாயைக் கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைத்துவிட வேண்டும். ஸ்டேஷன் காத்திருக்காது.

1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வந்தது. இருந்தாலும் அதை எழுதிப் பழக ஜனங்களுக்கு எத்தனையோ வருடம் ஆனது. ஆறு இலக்கம். முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரிப் பக்கம். முதல் மூன்று இலக்கம் சேர்ந்தால் பிரித்து அனுப்பும் மாவட்டம். கடைசி மூன்றும் எந்தத் தபால் ஆபீஸ் என்று சொல்லும். சாத்தூர் என்றால் 626203, கோவில்பட்டி என்றால் 628501. அது இல்லாமல் ‘புதுப்பட்டி’ என்று மட்டும் எழுதி வரும் கடிதத்தை என்ன செய்வது? இந்த வட்டாரத்தில் எத்தனை புதுப்பட்டி, எத்தனை புதூர், எத்தனை நல்லூர்! முகவரி தெரியாத கடிதம் திரும்பிவரும் கடித ஆபீஸுக்குப் போய்விடும். அண்ணன் அவ்வளவு லேசில் அனுப்ப மாட்டார். எழுதியவர் கையெழுத்து, சாதிப்பெயர், ‘மாரியம்மன் கோயில் பின்புறம்’ என்ற ஒரு குறிப்பு, எது கிடைத்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கண்டுபிடிக்கப் பார்ப்பார். எழுதத் தெரியாத தாய் யாரிடமோ சொல்லி எழுதிய கடிதமாக இருக்கும், அது போய்ச் சேர வேண்டாமா என்பார்.

ஊர் உலகத்துக் கடிதத்தையெல்லாம் வாசல் தேடிச் சேர்த்தவர் அவர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே நாற்பது எட்டுத் தூரம். அந்தத் தூரத்துக்கு மட்டும் தபால் இல்லை!

அதற்கும் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். நான் வேலை பார்த்த பள்ளிக்கூட முகவரிக்கு ஒரு கார்டு வந்தது. இரண்டே வரி. இன்ன இன்ன கிழமை இரவு வண்டியில் டியூட்டி, சாத்தூரில் இரண்டு நிமிடம் நிற்கும், மெயில் வேன் இன்ன இடத்தில் நிற்கும். வா என்றுகூட எழுதவில்லை.

போனேன். இருட்டில் ஆறு மைல் சைக்கிள். மீட்டர் கேஜ் வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றது. மெயில் வேன் கதவு திறந்தது. முதலில் பை இறங்கியது, பிறகு பை ஏறியது. அதிலேயே ஒரு நிமிடம் போய்விட்டது. மிச்சம் ஒரு நிமிடம். அண்ணன் வாசலில் நின்று குனிந்தார். முகத்தில் கரி, விரல் நகத்தில் சிவப்பு அரக்கு.

“சித்தி இருமல் எப்படி இருக்கு?”

எட்டு வருடத்துக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. நான் பெரியப்பாவின் கண்ணைப் பற்றிக் கேட்டேன். பச்சைக் கொடி காட்டினார்கள். வண்டி நகர்ந்தது.

அதற்குப் பிறகு மூன்று வருடம் அந்த இரண்டு நிமிடம்தான் எங்களுக்கு வீடு, வாசல், திண்ணை எல்லாம். ஒரு நிமிடத்தில் எவ்வளவு பேசலாம் என்று நினைக்கிறீர்கள்? வீண் பேச்சு இல்லாவிட்டால் நிறையப் பேசலாம். எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தப் பெண்ணுக்கு வரன் வந்திருக்கிறது, கம்பு எத்தனை மூட்டை கண்டது, வாய்தா எந்தத் தேதி. ஆமாம், வழக்கின் வாய்தாவையும் பேசினோம். ஆனால் யார் பக்கம் நியாயம் என்று ஒரு நாளும் பேசியதில்லை. அதற்கு அந்த ஒரு நிமிடத்தைக் கொடுக்க இருவருக்கும் மனசில்லை.

என் அம்மாவுக்கு இது தெரியும். நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அந்த ராத்திரிகளில் சைக்கிள் கேரியரில் ஒரு துணிப்பொட்டலம் இருக்கும். ஒரு தடவை கருப்பட்டி, ஒரு தடவை எள்ளுருண்டை, ஒரு தடவை மல்லிப்பொடி. யாருக்கு என்று ஒரு சொல் கிடையாது. திரும்பி வரும்போது மதுரையிலிருந்து அதிமதுரமும் இருமல் மருந்தும் அதே துணியில் வரும். காலையில் அம்மா அந்தத் துணியை அவிழ்த்து, மடித்து, மாடத்தில் வைத்துவிடுவார். அடுத்த வாரத்துக்கு.

1980 தை மாதம் என் தகப்பனார் காலமானார். இனி நான் சொல்லப்போவதுதான், எழுதி வைத்திருந்ததை நான் ஓரமாக வைத்ததற்கே காரணம்.

நம் தெற்குச் சீமையில் துட்டி வீட்டுக்கு ஒரு முறை உண்டு. நீர்மாலை எடுப்பது. பிள்ளைகளும் பங்காளிகளும் குடத்தோடு போய்க் கிணற்றில் தண்ணீர் எடுத்து, தலைக்கு மேலே நாலு பேர் நாலு முனையில் வேட்டியைப் பிடிக்க, அதன் நிழலில் தண்ணீரைக் கொண்டுவந்துதான் இறந்தவரைக் குளிப்பாட்ட வேண்டும். எந்தக் கிணற்றுக்குப் போவது? அவர் தூர்வாரி, இறைத்து, சண்டை போட்ட அந்தக் கிணறுதான். எங்கள் பங்காளி யார்? நாற்பது எட்டுத் தள்ளி இருக்கிற வீடு. அந்த வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஊர்ப் பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வேறு கிணற்றுக்குப் போய்விடலாம் என்றார் ஒருவர். அம்மா வேண்டாம் என்று தலையசைத்தார்.

அப்போது சாத்தூர்ப் பாதையில் அண்ணன் வந்தார். ராத்திரி டியூட்டி முடித்து, சேதி கேட்டு, ஸ்டேஷனில் இருந்து நடந்தே வந்திருக்கிறார். நேரே அவர் வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் வாசல்படியை மிதித்தார். பதினோரு வருடமாக அந்த வீட்டார் கால் படாத வாசல்படி. சட்டையைக் கழற்றித் திண்ணையில் வைத்தார், துண்டை இடுப்பில் கட்டினார், குடத்தைத் தூக்கினார். “வாடா” என்றார் என்னைப் பார்த்து.

கிணற்றில் கயிற்றை விட்டு அவரே இறைத்தார். நகத்தில் அந்த அரக்கு அப்படியே இருந்தது. குடங்களை எடுத்துத் தலையில் வைத்தோம். மேலே வேட்டி பிடிக்க மூன்று பேர்தான் வந்தார்கள். நாலாவது முனை தொங்கிக்கொண்டிருந்தது. யாரையாவது கூப்பிடலாம் என்று நான் திரும்பிப் பார்க்கிறேன், பெரியப்பா கமலைக்கல் பக்கத்தில் வேப்பமரத்தடியில் நிற்கிறார்! எப்போது வந்தார் என்று தெரியவில்லை. மகனைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். பிறகு மெதுவாக நடந்து வந்து, தொங்கிய அந்த முனையைக் கையில் பிடித்தார்.

வழி நெடுக ஒருவரும் பேசவில்லை. தண்ணீர் தளும்பி என் தோளில் வழிந்தது. அண்ணன் முன்னால் நடந்தார், பின்னால் நான். அன்றைக்கு இடைவெளி இல்லை.

நண்பர்களே, அதற்கு அடுத்த வருடம் வழக்கு ராஜியானது. வக்கீல்கள் எழுதிய ராஜி அது என்று கோர்ட்டுக் காகிதம் சொல்லும். அதை எழுதியவர் அண்ணன் என்று எனக்குத் தெரியும். மோட்டார் பொதுவாகட்டும், கடன் பாக்கியை இரண்டு வீடும் கட்டட்டும், ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் என்று அவர் சொன்னார். மோட்டார் அறைச் சுவரில் கரிக்கட்டையால் இரண்டு கோடு போட்டு நாள் கணக்கு எழுதியதும் அவரே. பெரியப்பா தம் கமலை வடத்தைக் கழற்றிச் சுருட்டி வைத்தார். மாட்டை மட்டும் விற்கவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அண்ணன் எப்போதும் விட்டுக் கொடுத்துப் போகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். வள்ளுவர் நட்பு அதிகாரத்திலேயே, வழி தவறும்போது முன்னே வந்து இடித்துச் சொல்வதை நண்பனின் வேலையாக வைத்திருக்கிறார். 1993இல் அந்த வேலையை அவர் என்னிடம் செய்தார். நான் டவுனில் மனை வாங்க ஆசைப்பட்டு, அதிக வட்டிக்குக் கடன் வாங்கப் போனேன். ஜாமீன் கையெழுத்துக்கு அவரிடம் போய் நின்றேன். “போட மாட்டேன்” என்றார். “உனக்கு இந்தக் கடன் வேண்டாம்” என்றார். நான் கோபித்துக்கொண்டு இரண்டு மாதம் பேசவில்லை. அந்த இரண்டு மாதத்தில் அவரிடமிருந்து எட்டு கார்டு வந்தது. வாரம் ஒன்று. எதிலும் கடனைப் பற்றி ஒரு வரி இல்லை. மழை பெய்தது, மதினிக்குக் கால்வலி, பையன் பாஸ். அவ்வளவுதான். எட்டாவது கார்டைப் படித்துவிட்டு நான் மதுரைக்கு வண்டி ஏறினேன். அதே வட்டிக்கு வாங்கிய இரண்டு பேர் பிறகு வீட்டையே விற்றார்கள்.

கார்டு என்றேனே, அதை நீங்கள் பார்க்க வேண்டும் என்று எடுத்து வந்திருக்கிறேன். இதோ. பழைய வீடுகளில் கடிதம் குத்தி வைக்கிற கம்பி இது. 15 பைசாக் காலத்துக் கார்டு அடியில் இருக்கிறது, 50 பைசாக் கார்டு மேலே இருக்கிறது. கம்பி நிறைந்து இரண்டாவது கம்பியும் நிறைந்துவிட்டது. கவரில் எழுதினால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். கார்டை வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், படிக்கட்டுமே என்றார். மூன்று வருடம் இருட்டில் ஒளிந்து ஒளிந்து பேசியவர் சொன்ன பதில் அது. எனக்குப் புரிந்தது.

போன மாதம் இருவரும் அந்தக் கிணற்றுக்குப் போயிருந்தோம். சுற்றிலும் ஆயிரம் அடி போர் போட்டுவிட்டார்கள். கிணற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. உள்சுவரில் அரசங்கன்று ஒன்று ஆள் உயரம் வளர்ந்து நிற்கிறது. மோட்டார் அறை கூரை போய்விட்டது, சுவரில் அந்தக் கரிக்கோடு மட்டும் மங்கலாகத் தெரிகிறது. இந்தத் தண்ணீருக்காகவா பன்னிரண்டு வருடம் என்று எனக்கு நெஞ்சு அடைத்தது. அண்ணன் கமலைக்கல்லில் உட்கார்ந்து, அது வடம் உராய்ந்து வழவழவென்று தேய்ந்த இடத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். “சித்தப்பா இதில் உட்கார்ந்துதான் எனக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தார்” என்றார். என் தகப்பனாரைச் சொல்கிறார். இத்தனை வருடத்தில் எனக்கே தெரியாத சேதி. சண்டைக்கு முந்தைய அந்த ஒரு ஞாபகத்தை அவர் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். நான் வைத்திருந்தது, கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு மாட்டை அவிழ்த்த பெரியப்பாவின் முகம். அவர் வைத்திருந்தது, நீச்சல் சொல்லிக் கொடுத்த சித்தப்பா.

பொன்னாடை போர்த்தலாம் என்று அவைத் தலைவர் சொல்கிறார். போர்த்துங்கள். அதற்கு முன்னால் நான் கொடுக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நேற்று எழுதிய கார்டு. முகவரி முழுதாக எழுதியிருக்கிறேன், பின்கோடு ஆறு இலக்கமும் விடாமல். தபாலில் போடவில்லை. என் கையாலேயே கொடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

அண்ணே, எழுந்து மேலே வாங்க. மதினி, நீங்களும் வாங்க. மெதுவாகவே வாங்க அண்ணே, இன்றைக்கு வண்டி எதுவும் புறப்படப் போவதில்லை.